பெட்டி எவ்வளவு கரண்ட் இழுக்கும்?

ஷ்டுட்கார்ட், ஜெர்மனி,
பிப்ரவரி, ஞாயிறு இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. மேசைமேல்தான் கிடந்தது, தினமும் பார்த்தேன், எழுதவில்லை. சாக்கு எதுவும் சொல்லப் போவதில்லை. போனில் அம்மாவிடமே நேரம் போய்விடுகிறது. வாட்ஸப்பில் காசு ஆகாது என்று எத்தனை முறை சொன்னாலும் நீங்கள் "சரி, வச்சிடு" என்று முடித்துவிடுகிறீர்கள்.

நான் நன்றாக இருக்கிறேன். சாப்பாட்டுக்குக் குறையில்லை, இட்லி அரிசிகூட கிடைக்கிறது. மாவுதான் இந்தக் குளிரில் புளிக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. இரண்டு நாள் வைத்தாலும் அரைத்த மாதிரியே இருக்கும். இப்போது வழி கண்டுபிடித்துவிட்டேன். கம்ப்யூட்டருக்குப் பின்னால் சூட்டுக் காற்று வரும் இடத்தில் பாத்திரத்தைத் துணி சுற்றி வைத்துவிடுகிறேன். காலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது.

சிரிக்காதீர்கள். கம்ப்யூட்டர் எவ்வளவு கரண்ட் இழுக்கும் என்ற உங்கள் கேள்விக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. கம்ப்யூட்டர் தின்கிற கரண்ட் ஏறக்குறைய அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வருகிறது.

சின்னவனுக்குக் கம்ப்யூட்டர் வாங்குவது பற்றி நீங்கள் போட்டிருந்த கணக்கைப் பார்த்தேன். பெட்டியில் 450 வாட் என்று ஒட்டியிருக்கிறது, நாளுக்குப் பத்து மணி நேரம், நாலரை யூனிட், இரண்டு மாதத்துக்கு 270. ஏற்கெனவே வீட்டில் 300 ஓடுகிறது, 500-ஐத் தாண்டினால் கீழ்ப்படிகளின் விலையும் ஏறிவிடும். முப்பது வருடம் ஊரார் வீட்டு ரீடிங் எடுத்தவர் பெருக்கலில் தவறுவாரா? தொடக்க எண்தான் தப்பு, அப்பா. 450 என்பது உள்ளே இருக்கும் பவர் சப்ளையால் அதிகபட்சம் கொடுக்க முடிந்தது. நம் தெரு ட்ரான்ஸ்ஃபார்மரில் 100 கேவிஏ என்று எழுதியிருப்பதால் எந்நேரமும் நூறா ஓடுகிறது?

கடைக்காரர் சொன்னதாக நீங்கள் எழுதியிருந்த 65 வாட்டையும் அப்படியே நம்ப வேண்டாம். கணக்கெல்லாம் போடும் சில்லான ப்ராசஸர் மேல் உட்காரும் விசிறி எவ்வளவு சூட்டைத் தள்ள வேண்டும் என்று பார்த்துப் போடுகிற எண் அது. சின்னவன் கேட்கும் ஐ5 12400 ப்ராசஸருக்கு இன்டெல் இரண்டு எண்கள் தருகிறது, 65 என்றும் 117 என்றும். முழுமூச்சில் ஓடினால் 117 வரை போகலாம். டைப் அடித்துக்கொண்டிருந்தால் பத்துப் பதினைந்தில் முடிந்துவிடும். வேலை இல்லாதபோது வேகத்தையும் வோல்டேஜையும் அதுவே இறக்கிக்கொள்கிறது. பவர் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் கொஞ்சம் இறக்கினாலே நிறைய மிச்சம்.

அதோடு மதர்போர்டு, டிஸ்க், பவர் சப்ளை தன் பங்குக்கு வீணாக்கும் பத்துப் பதினைந்து சதவீதம், மானிட்டருக்கு ஒரு 20 வாட். எல்லாம் சேர்த்துச் சாதாரண வேலைக்கு 60 வாட், கனமான வேலைக்கு 130 என்று தாராளமாகவே வையுங்கள். எட்டு மணி நேரம் லேசு, இரண்டு மணி நேரம் கனம் என்றால் நாளுக்கு முக்கால் யூனிட். இரண்டு மாதத்துக்கு 45 வரும். கூடத்துப் பழைய ஃபேன் 75 வாட், அதை இரவெல்லாம் சுற்றவிட்டுத் தூங்குகிறோம்.

ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள். கேம் ஆட கிராஃபிக்ஸ் கார்டு கேட்பான். ஆர்டிஎக்ஸ் 3060 ஒன்று மட்டுமே 170 வாட். படிப்புக்குத் தேவையா என்று இரண்டு முறை கேளுங்கள். யூபிஎஸ்ஸில் 600 விஏ என்று போட்டிருந்தால் 600 வாட் இல்லை, பெரும்பாலும் 360தான். இது உங்களுக்குத் தெரியும், அவனுக்குச் சொல்லுங்கள்.

ஏட்டுக் கணக்கு என்பீர்கள். இங்கே என்னுடையதை அளந்தே பார்த்தேன். வருடக் கடைசிக் கரண்ட் கணக்கில் கொஞ்சம் கூடுதலாகக் கட்டச் சொல்லியிருந்தார்கள், பெரிய தொகை இல்லை, சும்மா ஆர்வத்தில்தான். இங்கே யூனிட் கிட்டத்தட்ட 40 சென்ட், நம் பணத்தில் 35 ரூபாய்க்கு மேல். நூலகத்தில் புத்தகம்போல வாட் மீட்டரும் இரவல் தருகிறார்கள். சுவரில் அதைச் செருகி, அதில் கம்ப்யூட்டரைச் செருக வேண்டியதுதான். என்னுடையது பழைய ஐ7 4790, செகண்ட் ஹேண்ட். மானிட்டரோடு 74 வாட் காட்டியது.

மீட்டரை நம்பலாமா என்று நீங்கள் கேட்பீர்களே! அதனால் ஃப்ரிட்ஜ் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, நாலு மாடி இறங்கி நிலவறைக்குப் போனேன். இந்தக் கட்டடத்தில் இன்னும் தட்டு சுற்றுகிற பழைய மீட்டர்தான். ஒரு யூனிட்டுக்கு 75 சுற்று. செல்போன் வெளிச்சத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்தேன், சிவப்புப் புள்ளி திரும்பி வரப் பதினொரு நிமிடம். கணக்குப் போட்டால் 73 வாட்.

அந்தப் பதினொரு நிமிடத்தில் கீழ்வீட்டுப் பாட்டி பிடித்துவிட்டார். யாருடைய வாரம் மாடிப்படி கூட்டுவது என்று கதவில் பலகை மாட்டுகிற ஊர் இது, என் முறை வந்து நான் மறந்துபோனதிலிருந்து அவருக்கு என்மேல் ஒரு கண். கரண்ட் திருடுகிறேன் என்றே நினைத்தார். அரைகுறை ஜெர்மனில் விளக்கினேன். கேட்டுவிட்டு, "அப்படியானால் என்னுடையதையும் எண்ணு" என்றார்! எண்ணினேன். நிலவறையில் ஓடும் அவருடைய பழைய ஃப்ரீசர்தான் திருடன். மறுநாள் பிளம்ஸ் கேக் கொண்டுவந்து தந்தார். இப்போது அவர் சொல்லி மற்ற வீட்டாரும் என்னிடம் வருகிறார்கள். ஒரு வழியாக நானும் ஈபிக்காரன் ஆகிவிட்டேன்.

அந்தப் புள்ளி வருவதற்குக் காத்திருந்தபோது உங்கள் சைக்கிள் பார் ஞாபகம் வந்தது. லீவு நாளில் என்னை முன்னால் உட்காரவைத்துக்கொண்டு போவீர்கள். நீங்கள் எக்கிப் பார்த்து எண்ணைச் சொல்ல, நான் வெள்ளை அட்டையில் எழுதுவேன். ஏழுக்குக் குறுக்கே கோடு போடாதே என்று தலையில் தட்டுவீர்கள். இங்கே எல்லோரும் ஏழுக்குக் கோடு போடுகிறார்கள். இப்போது நானும் போடுகிறேன். நிலவறையில் கொஞ்ச நேரம் கூடுதலாகவே உட்கார்ந்திருந்தேன்.

சரி, வீட்டு விஷயம். சங்கத்துக் கடன் வட்டியை இந்த முறை நீங்கள் கட்டிவிடுங்கள், என் பணம் 20-ஆம் தேதிக்கு மேல்தான் வரும், பேங்கில் ஏதோ தாமதம். அக்காவைப் பார்க்க வந்த சாத்தூர்க்காரர்கள் இன்னும் பதில் சொல்லவில்லை என்றால் மாமாவை விட்டு ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள், நாமே போய் நிற்க வேண்டாம். கிணற்று மோட்டாரை மறுபடி காயில் கட்டக் கொடுக்காதீர்கள், மூன்றாவது முறை ஆகிறது.

கம்ப்யூட்டர் வந்ததும் மற்றதையெல்லாம் அணைத்துவிட்டு மீட்டரின் சிவப்பு விளக்கைப் பாருங்கள். மீட்டரில் யூனிட்டுக்கு 3200 சிமிட்டல் என்று போட்டிருந்தால், பத்து சிமிட்டலுக்கு ஆகும் வினாடியால் 11,250-ஐ வகுத்தால் வாட் வந்துவிடும். என்ன வந்தது என்று எழுதுங்கள். போனில் சொல்ல வேண்டாம், எழுதுங்கள்.

அம்மாவிடம் மாவு புளித்த கதையைச் சொல்லுங்கள். ஹீட்டர் போடுகிறானா என்று கேட்டால், போடுகிறான் என்று சொல்லிவிடுங்கள்.

உங்கள் அன்பு மகன்,
பெரியவன்