அம்மாவுக்கு, லண்டனிலிருந்து

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று கிழமையாகிறது. வட்ஸ்அப்பில் குரலாக வந்திருந்தால் அன்றைக்கே பதில் சொல்லியிருப்பேன். எழுதி அனுப்பியவருக்கு எழுதித்தான் அனுப்ப வேண்டும் என்று நினைத்து நினைத்தே நாள் போய்விட்டது, கோபிக்காதீர்கள்.

நான் சுகம். குளிர் பழகிவிட்டது. இரவில் ஒரு மணித்தியாலம் ஹீட்டர் போட்டால் காணும், அதற்கு மேல் போட்டால் தலையிடிக்கிறது. சோறும் பருப்பும் நானே சமைக்கிறேன். இந்த மாதம் காசு கொஞ்சம் குறைவாக வந்திருக்கும், வேலை நேரத்தை மாற்றிவிட்டார்கள், அவ்வளவுதான். அடுத்த மாதம் சேர்த்து அனுப்புவேன், யோசிக்க வேண்டாம்.

மகள் குண்டு விழுகிற படம் கீறிக்கொண்டிருக்கிறாள், பொம்பிளைப் பிள்ளை கீறுகிற விஷயமா இது என்று எழுதியிருந்தீர்கள். பள்ளிக்கூடத்தில் சமாதானச் சுவரொட்டிக்குத்தானே கேட்டிருக்கிறார்கள், கீறட்டும் அம்மா. ஆனால் அவள் அனுப்பிய படத்தில் குண்டுதான் பெரிதாக, வால் வைத்து, மினுங்கிக்கொண்டு இருக்கிறது. கீழே சனம் எறும்பு மாதிரி. அதைப் பற்றி அவளோடு கதைக்க வேண்டும் போலிருக்கிறது, இந்தக் கடிதத்தை அவளுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

கீழ்வீட்டு ஆச்சி இப்போதும் லைட் போட முதல் யன்னலுக்குக் கறுப்புத் திரையை இழுத்து மூடிவிட்டு, எங்கேயாவது ஒரு கீற்று வெளிச்சம் வெளியே போகிறதா என்று கையால் தடவிப் பார்க்கிறார். 1940 செப்டெம்பரில் தொடங்கி எட்டு மாதம் ஜெர்மன்காரன் இங்கே குண்டு போட்ட நாளில் அவர் சின்னப் பிள்ளை. முதலில் எனக்கு விசித்திரமாக இருந்தது. பிறகு, நீங்கள் இன்றைக்கும் யன்னலோரம் கட்டில் போட விடாதது ஞாபகம் வந்தது.

அவர்தான் என்னைப் போர் அரும்பொருட்சாலைக்குக் கூட்டிப்போனார். உள்ளே போகக் காசு இல்லை, நல்ல சூடாகவும் இருக்கும், இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நான் தனியாகவே போய்விடுகிறேன். நடு மண்டபத்தில் ஜெர்மன்காரனின் வி-2 என்ற ஏவுகணை நிற்கிறது, 14 மீற்றர், எங்கள் பிளட்ஸின் நாலாம் மாடி உயரம். சனம் அதன் முன்னால் நின்று சிரித்துக்கொண்டு போட்டோ எடுக்கிறது. அந்த மாதிரி ஏவுகணைகள் யார் யார் வீட்டில் விழுந்தன என்று அதைப் பார்த்தால் தெரியாது. எனக்கு அதுதான் பிடிக்கவில்லை.

ஆச்சியின் சுவரில் 1915ஆம் ஆண்டுச் சுவரொட்டி ஒன்றின் பிரதி தொங்குகிறது. இருட்டு வானம், வெளிச்சம் பட்ட செப்பலின் என்ற ஜெர்மன் வான்கப்பல், கீழே லண்டன் நகரம் கறுப்பு நிழலாக. வீட்டில் குண்டுபட்டுச் சாவதைவிடத் துப்பாக்கிச் சூட்டை நேரே சந்திப்பது மேல், உடனே படையில் சேர் என்று எழுதியிருக்கிறது. பயத்தைக் காட்டி ஆள் சேர்க்கிற படம். அதில் ஒரு மனிதமுகம் கூட இல்லை.

அவரிடம் ஒரு பெரிய படப் புத்தகமும் உண்டு. பிக்காசோ கீறிய கெர்னிக்கா அதில் இரண்டு பக்கத்துக்கு இருக்கிறது. 1937 ஏப்ரல் 26 அன்று ஸ்பெயினில் அந்த ஊரில் குண்டு போட்டதைக் கேட்டுக் கீறியது. மகளிடம் சொல்லுங்கள், ஏறத்தாழ எட்டு மீற்றர் அகலப் படத்தில் குண்டும் இல்லை, விமானமும் இல்லை. செத்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு தாய் வானத்தைப் பார்த்துக் கத்துகிறாள், அவ்வளவும் அதில் வந்துவிடுகிறது. ஹிரோஷிமாவில் அது மறுவளம். அணுகுண்டுப் புகை காளான் மாதிரி எழும்புகிற, எல்லாருக்கும் தெரிந்த படங்கள் மேலே விமானத்திலிருந்து எடுத்தவை. கீழே அந்த ஊர்ப் பத்திரிகைப் படப்பிடிப்பாளர் மட்சுஷிகே அன்று கமெராவோடு அலைந்தும் மிஞ்சியது ஐந்து படங்கள்தான். எரிந்துபோன சனத்தைப் பார்த்து அவருக்குக் கை வரவில்லையாம்.

அதே புத்தகத்தில், ஹென்றி மூர் என்றொருவர் லண்டனில் குண்டு போட்ட நாளில் சுரங்க ரயில் நிலையங்களில் சனம் ஒதுங்கிப் படுத்திருந்ததைக் கீறியிருக்கிறார். அங்கேயே நின்று கீறினால் அவர்களுக்கு மரியாதையில்லை என்று, பார்த்ததை மனதில் வைத்துக்கொண்டு வீட்டில் வந்து கீறினாராம். முதலில் மெழுகுக் கிரயோனால் உருவத்தைக் கீறி, மேலே கரு நிற நீர்வர்ணம் பூசினால், மெழுகு பட்ட இடத்தில் தண்ணீர் ஒட்டாது. உருவம் இருட்டிலிருந்து எழும்பி வரும். மகள் இதைச் செய்து பார்க்கட்டும்.

அந்தப் படத்தில் போர்வைக்குள் நெருங்கிப் படுத்திருக்கிற சனத்தைப் பார்த்ததும் எனக்குக் கொக்குவில் பங்கர்தான். 90இல் லீவுக்குப் போய் அகப்பட்ட அந்த மூன்று மாதம். பனங்குற்றிக் கூரை, மண் மணம், குண்டு போட வந்த சகடை விமானம் சுற்றுகிற சத்தம், என் வாயைப் பொத்திய உங்கள் சேலைத் தலைப்பு. அதை யாரும் படம் எடுக்கவில்லை அம்மா. புத்தகத்தை மூடிவிட்டு ஆச்சி தந்த தேத்தண்ணீரைக் குடிக்க முடியாமல் அழுதேன். ஆச்சி ஒன்றும் கேட்கவில்லை. வெள்ளவத்தைக்கு இப்போதே வந்துவிட்டால் என்ன, ரயில் போகிற சத்தத்தோடு உங்கள் பக்கத்தில் படுத்தால் போதும் என்றிருந்தது.

சரி, காணி விஷயம். மாமா சொல்கிற விலைக்கு அவசரப்பட்டுக் கையெழுத்து வைக்க வேண்டாம். அற்றோர்ணித் தத்துவத்தை இங்கிருந்து எழுதி அனுப்புகிறேன், அதுவரை பொறுக்கச் சொல்லுங்கள். விற்க முதல் மகளைக் கூட்டிப்போய் மாமரத்தடிப் பங்கர்க் குழியைக் காட்டுங்கள், அது இன்னும் தூரவில்லை என்று சித்தி சொன்னா.

காணி உறுதி, அலுமாரி மேல்தட்டில் பிஸ்கட் பேணிக்குள் இருக்கிறது. அதே பேணியில்தான் அப்பாவின் மூக்குக்கண்ணாடியும். 1996 ஜனவரி 31, மத்திய வங்கிக் குண்டு வெடித்த அன்று கோட்டைக் கந்தோரிலிருந்து அப்பா வெள்ளவத்தை வரை நடந்து வந்ததும், நீங்கள் பேப்பர் விரித்து அவர் தலையைச் சீவச் சீவக் கண்ணாடித் தூள் கொட்டியதும் மகளுக்குத் தெரியாது. சொல்லுங்கள். அந்த வெடித்த கண்ணாடியை அவள் கையில் கொடுத்து, இதைக் கீறு என்று அம்மா சொன்னாள் என்று சொல்லுங்கள்.

தண்ணீர் மோட்டர் திருத்தினவனுக்குக் காசு இன்னும் கொடுக்கவில்லையென்றால் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்