தாளின் பின்பக்கத்தில் வரைந்து காட்டிய மருத்துவருக்கு ஒரு நன்றி மடல்

அனைவருக்கும் வணக்கம்.

அப்பா நேற்று முன்தினம் வீடு திரும்பினார். வயலில் அப்பாவைப் பாம்பு கடித்ததும், விஷத்தால் சிறுநீரகம் முடங்கியதும், அதன் பிறகு நடந்தவையும் நீங்கள் அறிந்தவையே என்பதால் அவற்றைத் திரும்ப எழுதவில்லை. மனம் ஆறுவதற்குள் நன்றியை எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

இரவுப் பணியில் இருந்த முதுநிலை மாணவியான மருத்துவர் அவர்களே, உங்கள் பெயரைக் கேட்டுக்கொள்ளக்கூட எங்களுக்கு அன்று தோன்றவில்லை. டயாலிசிஸ் தொடங்கி ஆறாம் நாள் அது. கட்டிலோரம் மாட்டிய சிறுநீர் சேகரிக்கும் பையில் பகல் முழுவதற்கும் 60 மில்லிதான் இறங்கியிருந்தது. அம்மா உங்களை வராந்தாவில் நிறுத்தி, "கிட்னி செத்துப்போச்சா தாயி?" என்று கேட்டார். காலையில் பெரிய டாக்டரிடம் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு நீங்கள் போயிருக்கலாம்; யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நீங்களோ அம்மாவின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து, சிறுநீர் அளவு குறித்திருந்த பழைய தாளைத் திருப்பி, நீலப் பேனாவால் சிறுநீரகத்துக்குள் இருக்கும் நுண்குழாய் ஒன்றை வரைந்தீர்கள்.

குழாயின் உட்புறச் சுவரில் சோளக்கதிரில் முத்துகள் பதிந்திருப்பதுபோல உயிரணுக்களை வரிசையாக வரைந்துவிட்டு, அவற்றில் சிலவற்றைப் பெயர்த்துக் குழாயின் நடுவே கிடத்தினீர்கள். விஷத்தால் உதிர்ந்தவை வழியை அடைத்திருக்கின்றன, சுவரில் ஒட்டி நிற்பவை பிழைத்திருக்கின்றன என்றீர்கள். அம்மா தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப தூர் வாரினா தண்ணி வந்துடுமா?" என்றார். "அந்த வேலைதாம்மா உள்ளே நடந்துகிட்டு இருக்கு, கொஞ்சம் நாள் கொடுங்க" என்று நீங்கள் சொன்ன பிறகுதான், ஆறு நாட்களில் முதல் முறையாக, அம்மா சாப்பிட்டார்.

அப்படித் தூர் வார உதவுவது ஒரு புரதம் என்றும், அதற்குக் கிம்-1 என்று பெயர் என்றும் சொன்னீர்கள். பள்ளியில் அறிவியல் நடத்தும் நான் எத்தனையோ ஆண்டுகளாகச் சிறுநீரகத்தைக் கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். அது தன்னைத் தானே செப்பனிட்டுக்கொள்ளும் என்பதை ஒரு வகுப்பிலும் சொன்னதில்லை. அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு பிறகு தேடிப் படித்தேன். நலமான சிறுநீரகத்தில் ஏறக்குறைய இல்லாத இந்தப் புரதம், 1998இல் காயம்பட்ட எலிச் சிறுநீரகத்தில் கண்டறியப்பட்டது. இறக்கும் உயிரணு, தன் சவ்வின் உட்பக்கம் மறைந்திருந்த பாஸ்பாட்டிடைல்செரின் என்னும் கொழுப்பை வெளிப்பக்கம் காட்டும். பிழைத்த உயிரணுவின் மேல் முளைத்த கிம்-1 அதைப் பற்றிக்கொள்ள, அந்த உயிரணு இறந்ததை இழுத்து விழுங்கிவிடும். இடம் ஒழிந்த பிறகு, மிஞ்சியவை தட்டையாகப் பரவி, பெருகி, வெறுஞ்சுவரை மூடுகின்றன.

இரத்தச் சோதனைத் தாளில் கிரியேட்டினின் அளவைப் பார்த்துப் பார்த்து அழ வேண்டாம் என்று நீங்கள் சொன்னதன் பொருளும் அப்போதுதான் விளங்கியது. அது தசையிலிருந்து வரும் கழிவு; சிறுநீரகம் வடிகட்டாதபோது இரத்தத்தில் ஏறும். சிறுநீரகம் அடிபட்டதையும் தாமதமாகத்தான் சொல்லும். இதய அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட குழந்தைகளைப் பற்றி 2005இல் வெளியான ஆய்வில், சிறுநீரகப் பாதிப்பு வந்தவர்களுக்கு என்கால் என்ற புரதம் 2 மணி நேரத்திலேயே சிறுநீரில் ஏறிவிட்டது. கிரியேட்டினின் ஏற 1 முதல் 3 நாட்கள் ஆயின. அப்பாவுக்கு அந்தச் சோதனைகள் எதுவும் செய்யப்படவில்லை. எங்களுக்குக் கிடைத்தது நீங்கள் வரைந்த தாள்தான். பதினோராம் நாள் பையில் 400 மில்லி இறங்கியபோது, அம்மா அந்தத் தாளை எடுத்துக் குழாயின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார்.

கட்டுப் போடவும் கீறவும் விடாமல் நேரே மருத்துவமனைக்கு வண்டியை விட்ட ஆட்டோக்காரத் தம்பிக்கும், மணிக்கொரு முறை அளவெடுத்த செவிலியர்களுக்கும், டயாலிசிஸ் பிரிவில் இருந்தவர்களுக்கும், எங்கள் அறுவடையைத் தங்கள் அறுவடையாக முடித்துக் கொடுத்த அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் நன்றி. விஷமுறிவு மருந்தும் புரதம்தான். குதிரையின் உடல் விஷத்துக்கு எதிராகச் செய்துகொண்டது. அதற்கு வேண்டிய விஷத்தை உயிரைப் பணயம் வைத்து எடுத்துத் தரும் வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கத்தாரை எங்கள் வீட்டில் யாரும் நேரில் கண்டதில்லை, அவர்களுக்கும் கைகூப்புகிறோம்.

செப்பனிடும் வேலை கோணலாகவும் போகலாம், டிஜிஎஃப்-பீட்டா போன்ற புரதங்கள் அளவு மீறினால் சிறுநீரகத்தில் தழும்பு ஏறிவிடும், அதனால் வலி மாத்திரைகளைத் தொடக்கூடாது, மூன்றாம் மாதம் தவறாமல் வர வேண்டும் என்று புறப்படும்போது சொல்லியனுப்பினார்கள். வருவோம். இனி எங்கள் வீட்டில் யாரும் இருட்டில் டார்ச்சும் பூட்ஸும் இல்லாமல் வரப்பில் இறங்குவதில்லை என்றும், இந்தப் பருவத்தில் என் வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்தக் குழாயை வரைந்து காட்டுவது என்றும் முடிவு செய்திருக்கிறேன்.

உங்கள் தாள் ரேஷன் அட்டை வைக்கும் உறையில் பத்திரமாக இருக்கிறது. நீங்கள் அதற்குள் வேறு ஊருக்கு மாறிப் போயிருந்தால் இந்த மடலாவது உங்கள் கண்ணில் படட்டும், டாக்டர். நேற்று ஒரு நாளில் அப்பாவுக்கு 1,700 மில்லி வந்தது. அளந்து குறித்தவர் அம்மா.