மாலையில் பிள்ளையை மடியில் வாங்காதீர்கள், மைனி

அன்புள்ள மைனிக்கு,

மகளுக்குப் பேறுகாலம் பார்க்க நீங்கள் அமெரிக்காவுக்கு, நியூஜெர்சிக்குப் போவதைப் பற்றி நேற்று போனில் அரை மணி நேரம் பேசினோம். பெட்டிக்கு எத்தனை கிலோ, பேறுகால மருந்தை எதில் கட்டுவது, ஜூன் மாதத்தில் அங்கே ஸ்வெட்டர் வேண்டுமா என்று எல்லாவற்றையும் கேட்டீர்கள். தூக்கத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் முதல் தடவை நியூஜெர்சி போனபோதும் அப்படித்தான். யாரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. அதன் பலனை என் மகள் அனுபவித்தாள். உங்கள் மகளுக்கு அது நேரக்கூடாது.

உங்களுக்கென்று எழுதத் தொடங்கியதைத்தான் பொதுவில் போடுகிறேன். குலசேகரத்திலிருந்தும் மார்த்தாண்டத்திலிருந்தும் தக்கலையிலிருந்தும் மகளுக்குப் பேறுகாலம் பார்க்க விமானம் ஏறும் அம்மாக்கள் எத்தனையோ பேர். அவர்களும் படிக்கட்டும்.

அன்று நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். சொன்ன தேதிக்கு முன்பே பிள்ளை பிறந்துவிட்டதால், நான் போய்ச் சேர்ந்தபோது மகள் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்திருந்தாள். இரண்டாம் நாள் மாலை ஐந்து மணிக்கு சோபாவில் சற்றுத் தலை சாய்த்தேன். கண் விழித்தபோது இரவு ஒன்பதரை. அதன் பிறகு பொட்டுத் தூக்கம் இல்லை. மூன்று மணிக்கு வயிறு காந்தியது. யாரையும் எழுப்பக்கூடாதென்று விளக்குப் போடாமல் அடுக்களைக்குப் போய் பிரிட்ஜைத் திறந்தேன். சோற்றுப் பாத்திரத்தை எடுக்கும்போது மூடி நழுவித் தரையில் விழுந்து உருண்டது. சற்று நேரத்தில் மாடிப்படியில் காலடிச் சத்தம். ஒரு கையால் கைப்பிடியையும் மறு கையால் அடிவயிற்றையும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து நின்று நின்று மகள் இறங்கி வந்தாள். “பசிக்கிறதா அம்மா? இருங்கள், சூடாக்கித் தருகிறேன்” என்றாள். பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு அப்போதுதான் கண் அயர்ந்திருக்கிறாள். அவளைப் பார்த்துக்கொள்ளப் போனவள் நான். அந்தப் படிக்கட்டு இன்றும் என் கண்ணை விட்டு அகலவில்லை.

ஜெட் லாக் வேறு, பயணக் களைப்பு வேறு. நாகர்கோவிலிலிருந்து இரவு முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்து சென்னை போனாலும் உடம்பு அசந்துதான் போகும். ஒரு தூக்கம் போட்டால் சரியாகிவிடும். ஜெட் லாக் அப்படித் தீராது. உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் இன்னும் குலசேகரத்து நேரத்திலேயே ஓடிக்கொண்டிருப்பதால் வரும் தொல்லை அது.

கடிகாரம் என்று பேச்சுக்குச் சொல்லவில்லை. ரப்பர் தோட்டத்து ஓரத்தில் தொட்டாச்சிணுங்கி படர்ந்து கிடக்கிறதே, அந்தி சாய்ந்தால் யாரும் தொடாமலே இலை கூம்பிவிடும். 1729ஆம் ஆண்டில் டி மேரான் என்ற பிரெஞ்சு வானியலாளர், பகலில் இலை விரித்து இரவில் கூம்பும் இப்படியொரு செடியை இருட்டில் வைத்துப் பார்த்தார். வெயிலே படாதபோதும் அது தன் வேளைக்கு விரிந்தது, தன் வேளைக்குக் கூம்பியது. பொழுது செடிக்கு உள்ளேயே இருந்திருக்கிறது. உயிர்களுக்குள் இந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்பதைப் பழ ஈக்களை வைத்துக் கண்டறிந்த மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2017ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. மனிதருக்கு அது மூளையின் அடிப்பகுதியில், கண்ணிலிருந்து வரும் நரம்புகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே இருக்கிறது. கண்ணில் விழும் வெளிச்சத்தைக் கொண்டுதான் அது நேரத்தைச் சரிசெய்துகொள்கிறது. ஒரேயடியாகத் திருத்திக்கொள்ளாது. நாளொன்றுக்கு ஒரு மணி நேரம், மேற்கு நோக்கிப் போனால் ஒன்றரை மணி நேரம், அவ்வளவுதான் நகரும். ஜூனில் நமக்கும் நியூஜெர்சிக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம். ஆகவே ஒரு வாரம் ஆகும். அந்த ஒரு வாரத்தில் எதைச் செய்வது, எதைச் செய்யக்கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

நமக்கு உறக்கம் மிகவும் அழுத்தும் நேரம், வழக்கமாக எழுந்திருப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன்பு வருகிறது. உடம்புச் சூடு அப்போதுதான் மிகக் குறைவாக இருக்கும். நீங்கள் அண்ணனுக்குக் கட்டஞ்சாயா போட்டு ரப்பர் பால்வெட்டுக்கு அனுப்புவதற்காக நான்கு மணிக்கு எழுபவர். அப்படியென்றால் இரண்டு மணி சுமாருக்கு உங்கள் உடம்பு அடியோடு அடங்கிக் கிடக்கும். இங்கே அதிகாலை இரண்டு மணி என்பது அங்கே முந்தின நாள் மாலை நாலரை. முதல் மூன்று நான்கு நாட்கள் மாலை நாலரையிலிருந்து ஏழு ஏழரை வரை, எவ்வளவு மனவுறுதி இருந்தாலும் கண் சொருகும். உட்கார்ந்தால் தூங்கிவிடுவீர்கள்.

அந்த நேரத்தில் பிள்ளையை மடியில் வாங்காதீர்கள், மைனி.

பேரப்பிள்ளையை வாங்காமல் இருப்பது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வேண்டாம். பிள்ளையை வைத்துக்கொண்டு சோபாவில் அயர்ந்துவிட்டால் மெத்தைக்கும் நம் கைக்கும் இடையில் அதன் முகம் புதைந்து மூச்சு முட்டிவிடும். பெரிய ஆபத்து அது. அந்த நேரத்தில் பிள்ளை தன் தொட்டிலில், மல்லாந்து, தலையணையோ பொம்மையோ பக்கத்தில் இல்லாமல் கிடக்கட்டும். பிள்ளையின் அப்பா வேலை முடிந்து வரும் நேரம்தானே, அவர் வாங்கிக்கொள்ளட்டும். அடுப்பில் எண்ணெய் வைக்கும் வேலையும் அந்நேரம் வேண்டாம். இரவுச் சமையலை மூன்று மணிக்குள் முடித்துவிடுங்கள்.

அதற்குப் பதிலாக உங்களுக்கு வேறொரு நேரம் கிடைக்கிறது. நான் முதல் தடவை கண்டுகொள்ளாமல் விட்டது அதைத்தான்.

இரவு ஒரு மணிக்கு உங்களுக்கு விழிப்பு வரும். உடம்புக்கு அது காலை பத்தரை மணி. மறுபடி தூக்கம் வரவில்லையே என்று நானும் புரண்டு புரண்டு கிடந்து, நோய் ஏதும் வந்துவிட்டதோ என்றுகூடப் பயந்தேன். பிறந்த பிள்ளைக்கு இரவு பகல் தெரியாது. அந்தக் கடிகாரம் பிள்ளைக்கு நிலைப்பட இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை விழித்துப் பாலுக்கு அழும். அந்த வீட்டில் அந்த நேரத்தில் தூக்கக் கலக்கமில்லாமல் விழித்திருக்கக்கூடிய பெரியவர் நீங்கள் ஒருவர்தான்.

இரண்டாவது பேரன் பிறந்தபோது அப்படிச் செய்தேன். இரவு இரண்டு மணிக்கு அவன் சிணுங்கத் தொடங்கியதும் மகள் எழும்முன் நான் எழுந்துவிட்டேன். நனைந்த துணியை மாற்றி, அவள் பிழிந்து வைத்திருந்த பாலைக் கொடுத்து, தோளில் போட்டு முதுகைத் தடவி ஏப்பம் வரவைத்து, தொட்டிலில் கிடத்தினேன். மூலையில் சிறிய மஞ்சள் விளக்கு மட்டும். அவன் உள்ளங்கால் என் பெருவிரல் நீளம்தான் இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மகள் நான்கு மணி நேரம் விடாமல் தூங்கினாள். பிரசவமானபிறகு அவளுக்கு அப்படியொரு தூக்கம் அதுதான் முதல் தடவை. காலையில் அவள் முகத்தைப் பார்த்தபோது வந்த காரியம் நிறைவேறியதென்று இருந்தது.

ஆகவே போன உடனே மகளிடம் சொல்லிவிடுங்கள்: முதல் வாரம் இரவு ஒன்று முதல் ஐந்து வரை என் பொறுப்பு, மாலை என்னை விட்டுவிடு என்று. அவளுக்கு வெட்கமோ சங்கடமோ இருக்கும், நீங்களே முந்திக்கொள்ளுங்கள். இரவில் பெரிய விளக்கைப் போடாதீர்கள், செல்போனை எடுக்காதீர்கள், பிள்ளையோடு கொஞ்சிப் பேசவும் வேண்டாம். இருட்டும் அமைதியும் இருந்தால்தான் இது இரவு என்று பிள்ளை பழகும். இரவில் சுரக்கும் தாய்ப்பாலில், தூக்கத்துக்கு உதவும் மெலடோனின் என்ற சுரப்பும் இருக்கிறது, பகல் பாலில் அது அவ்வளவு இல்லை. இரவில் பிழிந்த பாலை இரவிலேயே கொடுத்தால் நல்லது என்று மகளிடம் சொல்லுங்கள். பசித்தால் சிறிது கஞ்சியோ ஒரு பழமோ போதும். வயிற்றுக்கும் குடலுக்கும் தனித்தனிக் கடிகாரம் உண்டு, நடு இரவில் முழுச் சாப்பாடு சாப்பிட்டால் அவை நம் ஊர் நேரத்தையே பிடித்துக்கொண்டிருக்கும்.

பகலில் வெளிச்சம்தான் உங்களுக்கு மருந்து. முற்பகல் பதினொன்றிலிருந்து மாலை நான்கு வரை, உங்கள் உடம்புக்கு அது முன்னிரவும் நடுச்சாமமும். அந்நேரம் கண்ணில் படும் பகல் வெளிச்சம் உள்கடிகாரத்தைப் பின்னுக்கு இழுத்து, அந்த ஊர் நேரத்தின் பக்கம் கொண்டுவரும். வீட்டுக்குள் ஜன்னல் ஓரம் போதாது, வெளியே இறங்கி நடங்கள். மூன்றாம் நான்காம் நாளில் இந்த நேரத்தை இன்னும் சற்று மாலைக்கு நீட்டலாம். இன்னொன்று, நம் கண் அங்கே நம்மை ஏமாற்றும். நம் குமரி மாவட்டத்தில் ஆண்டு முழுக்க ஏறத்தாழ ஆறுக்கும் ஆறேமுக்காலுக்கும் இடையில்தான் விடியும், பொழுது சாயும். மிக நீண்ட பகலே சுமார் பன்னிரண்டரை மணி நேரம்தான். நியூஜெர்சியில் ஜூனில் பகல் பதினைந்து மணி நேரம், எட்டரைக்குத்தான் பொழுது சாயும். இருட்டிய பிறகு படுக்கலாம் என்று காத்திருந்தால் நேரம் தவறிவிடும். சுவரில் இருக்கும் கடிகாரத்தைப் பார்த்து, ஒன்பது மணி வாக்கில் திரையை இழுத்துவிட்டுப் படுங்கள்.

அந்தத் தூக்கச் சொருகலை மதியமே காப்பியால் தள்ளிப்போடலாம். மூன்று மணிக்கு மேல் வேண்டாம், குடித்த காப்பியின் வீரியம் பாதியாகவே நாலைந்து மணி நேரம் ஆகும். மெலடோனின் மாத்திரையை அங்கே கடையில் சீட்டில்லாமல் விற்பார்கள். மகளோ மருமகனோ அன்பாக வாங்கித் தந்தாலும், உங்களுக்கு மாத்திரை தரும் மருத்துவரைக் கேட்காமல் போடாதீர்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களுக்கும் ரத்த அழுத்தம், சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்களுக்கும் அது ஒத்துவராமல் போகலாம்.

உங்கள் சர்க்கரை மாத்திரைதான் எனக்குக் கவலை. புறப்படும் அந்தத் தேதி உங்களுக்கு இருபத்துநான்கு மணி நேரம் இல்லை, முப்பத்துமூன்றரை மணி நேரம். ‘காலை மாத்திரை, இரவு மாத்திரை’ என்பதற்கு அன்று அர்த்தமே இருக்காது. புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே மருத்துவரிடம் டிக்கெட்டைக் காட்டி, எந்த மாத்திரையை எத்தனை மணிக்கு, எந்தச் சாப்பாட்டோடு என்று இந்திய நேரத்திலேயே ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். மாத்திரைகளும் சீட்டும் கைப்பையில் இருக்கட்டும்.

விமானத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. திருவனந்தபுரத்தில் உங்கள் விமானம் விடியற்காலை நான்கு மணிக்கு. வழியனுப்ப வருபவர்களை, வீட்டிலிருந்து கிளம்பும் நாளுக்கு முந்தின மாலையிலேயே வந்து போகச் சொல்லிவிட்டு, கிளம்பும் நாள் மதியம் இரண்டு மணி நேரமாவது தூங்குங்கள். நான் அந்த நாள் முழுக்க ஆட்களோடு பேசியே கழித்து, விமானம் ஏறும்முன்பே ஓர் இரவுத் தூக்கத்தைத் தொலைத்தவள். உள்ளே காற்று மிகவும் வறண்டிருக்கும், தண்ணீரைக் கேட்டுக் கேட்டு வாங்கிக் குடியுங்கள். வளைகுடாவிலிருந்து நியூயார்க் பக்கம் போகும் இரண்டாவது விமானம் பதினான்கு மணி நேரம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடங்கள், உட்கார்ந்திருக்கும்போது கணுக்காலை மேலும் கீழும் ஆட்டுங்கள், காலில் ரத்தம் கட்டாது. விமானத்தில் தூக்க மாத்திரை வேண்டவே வேண்டாம், அசையாமல் கிடந்துவிடுவீர்கள்.

திரும்பி வரும்போது இதைவிடச் சிரமமாக இருக்கும். நம் உள்கடிகாரம் இயல்பிலேயே இருபத்துநான்கு மணி நேரத்துக்குச் சில நிமிடம் கூடுதலாக ஓடுவது. அதனால் நாளை நீட்டுவது அதற்கு எளிது, குறுக்குவது கடினம். கிழக்கே வருவது நாளைக் குறுக்குவது. வந்த வாரத்தில் கல்யாணம் காட்சி என்று ஏதும் வைத்துக்கொள்ளாதீர்கள். கூடவே பறந்து வருபவர் யாரானாலும் அவர் கையில் ஸ்டியரிங்கைக் கொடுக்காமல், இங்கே நன்றாகத் தூங்கி எழுந்த ஒருவரைக் காரோடு வரச் சொல்லுங்கள். களியக்காவிளை சாலையில் கண் சொருகிய ஒரு நொடியே போதும்.

அண்ணனிடம் நான் பேசிவிட்டேன். காலை நான்கு மணிக்கு அவர் எழுந்திருக்கும்போது உங்களுக்கு முந்தின நாள் மாலை ஆறரை, கண்ணைத் திறந்து வைத்திருப்பதே பாடாக இருக்கும் நேரம். சாயாவை அவரே போட்டுக்கொண்டு, தோட்டத்துக்குப் போகும்முன் முதல் வாரம் தினமும் அந்நேரத்துக்கு உங்களைக் கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறார். நீங்கள் நின்றுகொண்டு பேசுங்கள், உட்காராதீர்கள்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்