சாயங்காலச் சூரியகாந்தி

தென்காசி
ஆடி, வெள்ளிக்கிழமை

மாப்ளே,

உன் கடிதம் வந்தது. ஸ்டுடியோவை மூடியாகிவிட்டது என்று ஒரே வரியில் எழுதிவிட்டு, அடுத்த வரியில் அங்கே மழை உண்டா என்று கேட்கிறாய். அந்த ஒரு வரியை எழுத உனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அவசரப்பட்டு எதையும் விற்றுவிடாதே, முக்கியமாக நெகட்டிவைப் பெரிதாக்கி அச்சிடுகிற அந்த என்லார்ஜரை. இடம் இல்லையென்றால் சொல், இங்கே மச்சில் வைத்துக்கொள்கிறேன்.

இங்கே எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது பேப்பர் படிக்கிறாள். பெரியவள் ஓசூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். குற்றாலத்தில் சாரல் நன்றாக இருக்கிறது. ஊருக்குள் தூறலோடு சரி, காற்றுதான் அதிகம்.

நான் அனுப்பிய படங்களைப் பார்த்துவிட்டு, "காலையில் எடுக்கவேண்டிய பூவைச் சாயங்காலம் போய் எடுத்திருக்கியே, பாதிப் படத்தில் முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கு" என்று எழுதியிருந்தாய். அதற்கு நான் விவரமாகவே பதில் சொல்லியாக வேண்டும். தென்காசிப் பக்கத்துச் சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்திக்குச் சாயங்காலம்தான் நேரம் என்பது என் தீர்மானமான எண்ணம்.

சூரியகாந்தி நாளெல்லாம் சூரியனோடு திரும்பும் என்று சின்ன வயதில் படித்தோமே, அது மொட்டுப் பருவத்துச் செடிக்குத்தான் பொருந்தும். பகலில் தண்டின் கிழக்குப் பக்கம் கூடுதலாக வளர்கிறது, தலை மேற்கே சாய்கிறது. ராத்திரியில் மேற்குப் பக்கம் வளர்ந்து தலையை மறுபடி கிழக்கே கொண்டுவந்து விடுகிறது. பூ முழுசாக விரிந்து தண்டு வளர்வது நின்றதும் கிழக்கு நோக்கியபடி அப்படியே நிலைத்துவிடும். டேவிஸில் இருக்கிற கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2016இல் இதைப் பற்றி ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். தொட்டிச் செடிகளைத் திருப்பி வைத்துப் பார்த்ததில், கிழக்கு பார்த்த பூ காலை வெயிலில் சீக்கிரம் சூடேறுகிறது, மேற்கு பார்த்த பூவை விட அதற்கு ஐந்து மடங்கு தேனீ வருகிறது என்று கண்டார்கள்.

நம் தொழிலுக்கு இதில் என்ன வருகிறது என்று பார். காலையில் போனால் பூ முகத்தில் நேர் வெயில். மஞ்சள் மொத்தமாக ஒரே மஞ்சளாகத் தட்டையாகிவிடும். சாயங்காலம் அதே வயலின் கிழக்கு வரப்பில் மேற்கே பார்த்து நின்றால், பூவின் முகமும் உன்னைப் பார்க்கிறது, வெளிச்சமும் அதன் பின்னாலிருந்து வருகிறது. இப்படி இரண்டும் ஒன்றாகக் கிடைக்கிற செடி எனக்குத் தெரிந்து வேறு இல்லை. நடுவட்டம் கறுத்துப் போகும், சுற்றி இருக்கிற இதழ் ஒவ்வொன்றும் வெளிச்சத்தை உள்ளே விட்டு எரியும். ஒரு இதழ் மேல் இன்னொன்று படிகிற இடம் மட்டும் ஆரஞ்சாகத் தெரியும். இலையைப் பார், நரம்பு நரம்பாகத் தெரிகிறது. நான் அனுப்பியதில் ஒரு படத்தில் இலைக்குப் பின்னால் ஒரு வெட்டுக்கிளி உட்கார்ந்திருக்கும், அதன் கால் மடிப்பு வரைக்கும் இலை வழியாகவே விழுந்திருக்கிறது. நீ அதைக் கவனித்தாயா என்று தெரியவில்லை, பெரிதாக்கிப் பார்.

மலைதான் இந்த ஊரின் பெரிய சொத்து. இப்போது அஸ்தமனம் ஆறே முக்கால் வாக்கில், மேற்கிலிருந்து கொஞ்சம் வடக்கே தள்ளி. ஆனால் மலை அதற்கு முன்னாலேயே சூரியனை வாங்கிக்கொள்ளும். சாரல் காலமாதலால் உச்சியில் எப்போதும் மேகம் உட்கார்ந்திருக்கிறது. அந்த மேகத்துக்கும் மலை முகட்டுக்கும் நடுவே ஒரு இடுக்கு விழுந்து, சூரியன் அதில் இறங்குகிற சில நிமிஷம்தான் நான் காத்திருப்பது. அப்போது மலை நீலக் கறுப்பாகிவிடும். அதன் நிழல் மேற்கிலிருந்து வயலுக்குள் மெல்ல நடந்து வரும். தூரத்துச் செடிகள் ஒவ்வொரு வரிசையாக இருட்டுக்குள் போகும், உன் முன்னால் நிற்கிற இரண்டு மூன்று வரிசை மட்டும் வெளிச்சத்தில் இருக்கும். பின்னால் கறுப்பு, முன்னால் தண்டின் சுணை முழுக்க வெள்ளி ஓரம். ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த தண்டு, அடியிலிருந்து நுனி வரைக்கும் அந்தச் சுணை மினுங்குவதைப் பார்க்க வேண்டுமே! பூவை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு தண்டை விட்டுவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. உயரமான செடிக்கு அழகே அந்தத் தண்டுதான். நான் கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி, இடுப்பளவில் பிடித்து, மட்டம் பார்த்து எடுக்கிறேன். அண்ணாந்து எடுத்தால் எல்லாச் செடியும் பின்னால் சாய்ந்துவிடும்.

நீ முதுகு என்று சொன்ன படங்கள் மேற்கு வரப்பிலிருந்து கிழக்கே பார்த்து எடுத்தவை. கிழக்கே மேகம் கறுத்திருந்து, மேற்கே வெயில் அடித்தால், பூவின் பின்பக்கத்துப் பச்சைச் செதில்களும் வளைந்த காம்பும் அந்தக் கறுப்புக்கு முன்னால் பொன்னாக நிற்கும். இந்த வெளிச்சத்தில் அந்த வளைவு எனக்கு முகத்தை விடப் பிடித்திருக்கிறது. வயல்காரம்மா கூட, "மொகத்த விட்டுட்டு முதுகப் போயி எடுக்கீயளே" என்றார். திரையில் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தெனமும் இதுக்குள்ளதான் கெடக்கேன், இப்பிடிப் பாத்ததில்ல" என்றார்.

எக்ஸ்போஷர் கேட்டிருந்தாய். ஒரு சின்ன இடத்து வெளிச்சத்தை மட்டும் அளக்கிற ஸ்பாட் மீட்டரில் வெயில் பட்ட இதழை அளந்து, மற்றதை இருள விட்டுவிடுகிறேன். நாம் வெல்வியா ஃபிலிம் போட்டு எடுத்த காலத்தில் வெளிச்ச வித்தியாசம் ஐந்து ஸ்டாப்புக்கு மேல் தாங்காது, ஃபிலிமின் வேகமான ஐஎஸ்ஓவும் 50தான். இந்தக் காற்றில் அந்த வேகத்துக்கு ஒன்றும் செய்திருக்க முடியாது. இப்போது 800 வைத்தாலும் படம் சுத்தமாக இருக்கிறது, ஷட்டர் வேகத்தை விநாடியில் 500இல் ஒன்றுக்குக் கீழே இறக்குவதில்லை. செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற ஆடிக் காற்று உனக்குத் தெரியாததா. மேற்கிலிருந்து பூவின் முதுகில் அடிக்கிறது, இதழெல்லாம் முன்பக்கமாக மடிகிறது. ஒரு வீச்சு ஓய்ந்து அடுத்தது வருவதற்குள் செடி நிமிரும், அதற்குள் அமுக்கிவிட வேண்டும். வெயில் நேராக லென்ஸில் விழும், ஹூட் போதாது, கையால் மறைத்துக்கொள். நிறத்தைச் சரிசெய்கிற ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாதே, அந்தத் தங்க நிறத்தை அது கழுவிவிடும்.

கூட்டம் இந்த வருஷமும் அதிகம். காரை நிறுத்தியதும் வயலுக்குள் இறங்கி, தண்டை ஒடித்து, பூவைக் கையில் பிடித்துக்கொண்டு போட்டோ எடுக்கிறார்கள். கிட்டத்தட்டத் தொண்ணூறு நாள் பாடுபட்டு வளர்க்கிற எண்ணெய்ப் பயிர் அது. சில வயல்களில் உள்ளே இறங்கக் காசு வாங்குகிறார்கள், அது நியாயம்தான். நான் வரப்பை விட்டு இறங்குவதில்லை, 70–200 ஜூம் லென்ஸுக்கு வரப்பே போதும். முற்றிய வயல்களில் கிளி இறங்க ஆரம்பித்துவிட்டது, தகரத்தைத் தட்டிக்கொண்டே இருக்கிறார்கள். விதை நிறைந்து தலை கவிழ்ந்த செடிகளையும் எடுத்து வைத்திருக்கிறேன், அடுத்த தடவை அனுப்புகிறேன்.

உன் பக்கத்திலும் விஷயம் இருக்கிறதே. திண்டுக்கல்லிலிருந்து வரும்போது தண்டவாளத்து ஓரமாக ஆனைக்கற்றாழை பார்த்த ஞாபகம். பல வருஷம் சும்மா இருந்துவிட்டு, ஒரே தடவை இருபது அடிக்கு மேல் தண்டு விட்டுப் பூத்துச் செத்துப்போகிற செடி. அதற்குப் பின்னாலிருந்து வெயில் கூடத் தேவையில்லை, சூரியன் மறைந்த பிறகு மேற்கு வானத்துக்கு முன்னால் கறுப்பு உருவமாக நின்றாலே போதும், ஒவ்வொரு கிளையும் எண்ணிவிடலாம். தண்டு விட்டிருக்கிறதா என்று ஒரு நடை போய்ப் பாரேன். ஸ்டுடியோ இல்லாத சாயங்காலங்கள் இனி உனக்கும் உண்டு. முப்பது வருஷமாக நீ அந்த நேரத்தில் பாஸ்போர்ட் சைஸ் எடுத்துக்கொண்டிருந்தாய்.

இப்போது பூத்திருக்கிற வயல்கள் இன்னும் ஒரு வாரம், பத்து நாள் தாங்கும். அதற்குப் பிறகு பிந்தி விதைத்தவை இரண்டொன்று இருக்கின்றன. அடுத்த வெள்ளி ராத்திரி பஸ் ஏறினால் சனிக்கிழமை விடியக் காலையில் இங்கே இருப்பாய். டிரைபாட் என்னிடம் இரண்டு இருக்கிறது, நீ சுமந்து வராதே. உன் பழைய 135 லென்ஸை மட்டும் எடுத்து வா, என் கேமராவில் அதை மாட்ட அடாப்டர் வாங்கி வைத்திருக்கிறேன். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். அவளும் வந்தால் அம்மாவுக்குச் சந்தோஷம்.

அன்புடன்,
உன் மாப்ள