அகமதாபாத்திலிருந்து, நம் வீட்டைப் பற்றி

அன்புள்ள மீனா,

நானும் அப்பாவும் அகமதாபாத்தில் நலம். டொராண்டோவில் குளிர் குறைந்ததா? மாப்பிள்ளைக்கு இருமல் விட்டதா?

கும்பகோணத்து வீட்டை பில்டரிடம் கொடுத்துவிடலாமா என்று கேட்டிருந்தாய். போனில் பேசினால் இரண்டு பேருமே அவசரப்படுவோம், அதனால்தான் எழுதுகிறேன். நேற்று இந்த ஊரின் பழைய பகுதியைச் சுற்றியதிலிருந்து எனக்கு அந்த வீட்டு நினைப்பாகவே இருக்கிறது.

காலையில் காலுப்பூர் சுவாமிநாராயண் கோயிலில் கூடி, வழிகாட்டியோடு ஜும்மா மசூதி வரை நடந்தோம். கோயில் 1822-இல் கட்டியது. பர்மா தேக்கில் செதுக்கி வண்ணம் தீட்டிய தூண்களை விட்டு அப்பா நகரவே இல்லை. ஊர் அதைவிடப் பழையது, 1411-இல் சுல்தான் அகமது ஷா உண்டாக்கியது. 2017-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்தது. இந்தியாவில் அந்தப் பெயர் வாங்கிய முதல் நகரம் இதுதான். மசூதிகளுக்காக மட்டும் கிடைத்த பெயர் இல்லை அது. ஜனங்கள் இன்றும் குடியிருக்கும் ‘போள்’ என்னும் பழைய தெருக்களுக்கும் சேர்த்துத்தான்.

ஒரு போளுக்குள் நுழைய ஒரு பெரிய வாசல், அதன் மேல் காவலுக்கு ஓர் அறை. உள்ளே வெயில் தரையில் விழாத அளவுக்குக் குறுகிய சந்துகள். அங்கங்கே ஒரு கம்பத்தின் உச்சியில் சின்ன மண்டபம் போல வேலைப்பாடாகச் செய்து வைத்திருக்கிறார்கள், சபூத்ரோ என்று பெயர். பறவைகளுக்குத் தானியம் போடத்தான் அது. இவ்வளவு நெருக்கடியிலும் புறாவுக்கும் கிளிக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறார்களே என்று எனக்கு மனசு நிறைந்துபோனது.

ஒரு வீட்டு அம்மாள் உள்ளே கூப்பிட்டார். என் வயதுதான் இருக்கும். நடுவில் நம் வீட்டைப் போலவே முற்றம். அதன் ஓரத்தில் தரையோடு தரையாக ஓர் உலோக மூடி. திறந்து காட்டினார். கீழே சுண்ணாம்பு பூசிய பெரிய தொட்டி, இருட்டில் தண்ணீர் அசையாமல் நின்றது. கூரையில் விழும் மழை குழாய் வழியாக அதில் இறங்குகிறது. முதல் மழையைத் தெருவில் விட்டுவிட்டு, கூரை கழுவிய பிறகு வருவதை மட்டும்தான் பிடிப்பார்களாம். வெளிச்சம் படாததால் பாசி பிடிப்பதில்லை. கயிறு கட்டிய செம்பை இறக்கி மொண்டு, துணியில் வடிகட்டி ஆளுக்கு ஒரு டம்ளர் கொடுத்தார். ஜில்லென்று இருந்தது. நாம் போர் போட்டு, மோட்டார் போட்டு, அப்புறம் வடிகட்டும் மெஷினும் வாங்கி வைத்த கதை உனக்கே தெரியும்.

சுவர்களையும் பார்த்தேன். செங்கல்லுக்கு நடுவே மரச்சட்டங்கள் கோத்திருக்கின்றன. 2001-இல் பூஜ் பூகம்பம் வந்தபோது இந்த ஊரில் புதிய அடுக்குமாடிகள் பல இடிந்து உயிர்கள் போயின. போளில் இருக்கும் மரச்சட்ட வீடுகள் பெரும்பாலும் ஆடிக் கொடுத்து நின்றுவிட்டன என்று வழிகாட்டி சொன்னார்.

எல்லா வீடும் நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். பூட்டிக் கிடக்கும் வீடுகளும் நிறைய. ஒன்றில் கூரை உள்ளே விழுந்து முற்றத்தில் செடி முளைத்திருந்தது. செதுக்கு வேலை செய்த தூண்களையும் கதவுகளையும் கழற்றி விற்பதும் நடக்கிறதாம். வேறு சிலர் பழுது பார்த்து விருந்தினர் தங்கும் விடுதியாக்கியிருக்கிறார்கள். அப்படி ஒரு வீட்டில்தான் மதியம் சாப்பிட்டோம்.

பிறகு சீதி சய்யத் மசூதி. 1573-இல் கட்டியது, கட்டியவர் அபிசீனியாவிலிருந்து, அதாவது இன்றைய எத்தியோப்பியாவிலிருந்து வந்தவர். கல்லில் மரமும் கொடியும் பின்னிய அந்த ஜன்னலைப் படத்தில் பார்த்திருப்பாய். நேரில் பார்த்தால் கல் என்றே நம்ப முடியாது. சாயங்காலம் சபர்மதி ஆசிரமம். 1930-இல் உப்பு எடுக்கக் காந்தி தண்டிக்குக் கிளம்பியது அங்கிருந்துதான். அதற்கு முன் 1915-இல் இதே ஊரின் கோச்ரப் பகுதியில் முதல் ஆசிரமம் தொடங்கியபோது இருந்த சுமார் 25 பேரில் 13 பேர் தமிழர்கள் என்று காந்தியே தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அப்பா அதைச் சொன்னதும் ஏனோ எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சரி, வீட்டு விஷயம். அதை இடிக்க வேண்டாம் என்பது என் ஆசை. பாட்டி இருந்த வீடு என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. தேக்குத் தூண் ஒன்றுகூடச் செல்லரிக்கவில்லை. ஒழுகுவது சமையலறைப் பக்கத்து ஓடு மட்டும்தான். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் ஒருவரையும் நல்ல ஆசாரி ஒருவரையும் கூட்டிப் போய்க் காட்டி, பழுது பார்க்க என்ன செலவாகும் என்று எழுதி வாங்குகிறேன். முற்றத்து மழைநீரைத் தொட்டியில் சேர்க்க முடியுமா என்றும் கேட்கிறேன். மாடியை வாடகைக்கு விட்டால் வரிக்கும் பராமரிப்புக்கும் தேறும் என்று அப்பா கணக்குச் சொல்கிறார்.

நீ ஜூலையில் வரும்போது நேரில் பார்த்து முடிவு செய்யலாம். அப்போதும் கொடுத்துவிடலாம் என்றுதான் உனக்குத் தோன்றினால், நான் கையெழுத்துப் போடுகிறேன், மனக்குறை வைத்துக்கொள்ள மாட்டேன். அதுவரை பில்டரிடம் அட்வான்ஸ் மட்டும் வாங்கிவிடாதே.

அன்புடன்,
அம்மா