எஞ்சின் தானாக நிற்கிறது என்று பயப்படாதே

அன்பு மகளுக்கு,

நேற்று நீ போனை வைத்த பிறகு எனக்கு நித்திரை வரவில்லை. "அப்பா, கார் பழுதாகிவிட்டது போல. இருபது நிமிடம் சூடாக விட்டேன். எஞ்சின் தானாக நின்றது, தானாக ஸ்ராட் ஆனது, திரும்பவும் நின்றது" என்று நீ சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். நீ கோபித்துக்கொண்டாய். வினிபெக்கில் -31 குளிரில், விடியாத இருட்டில் நின்று சொல்லும் பிள்ளையிடம் சிரித்தது என் பிழைதான். போனில் விளங்கப்படுத்தினால் நீ "ஓம், ஓம்" என்று சொல்லிக்கொண்டு வேறு வேலை பார்ப்பாய். அதனால்தான் எழுதுகிறேன்.

காருக்கு ஒன்றும் இல்லை. அது ஹைபிரிட், பெற்றோல் எஞ்சினும் பெரிய பற்றறியில் ஓடும் மின்மோட்டரும் சேர்ந்து இழுக்கும் கார். இங்கே ரொறன்ரோவில், ஸ்காபரோவில் இருந்த காலமெல்லாம் காலையில் அதைத் தயார்ப்படுத்தித் தந்தது நான். நீ கோப்பியோடு வந்து ஏறிப் போவாய். அதற்கு முதல் வாசலில் என்ன நடக்கும் என்று உனக்கு நான் காட்டித் தரவேயில்லை.

பொத்தானை அமத்தியதும் 'றெடி' என்று பச்சை எழுத்து வருகிறதல்லவா, அது வந்தால் கார் ஓடத் தயார். எஞ்சின் சத்தத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. குளிரில் ஒரு சில விநாடியில் எஞ்சின் தானாக எழும்பும். முதல் ஒரு நிமிட அளவுக்கு அதன் சத்தம் கொஞ்சம் கரகரப்பாக இருக்கும். அந்த நேரத்தில் அது வேண்டுமென்றே பொறியைப் பிந்தி அடிக்கிறது. அப்படி அடித்தால் சூடான புகை குழாய்க்குள் போய், கற்றலிற்றிக் கொன்வேற்றரைக் கெதியாகச் சூடாக்கும். போன வருடம் எங்கள் தெருவில் மூன்று கார்களின் அடியிலிருந்து வெட்டிக்கொண்டு போனார்களே, அதே சாமான்தான். அது சூடானால்தான் புகை சுத்தமாகும். அந்த நிமிடத்தில் நீ காரை எடுத்தால், எஞ்சினை அதன் பாட்டில் விட்டுவிட்டு, பெரிய பற்றறிதான் கூடுதலாக இழுக்கும். அதனால் அப்போது அக்சிலறேற்றரை மிதிக்காதே, தடவு.

பிறகு அது தண்ணீரின் சூட்டைப் பார்க்கும். போதுமான சூடு வந்து, நீயும் நின்ற இடத்திலேயே இருந்தால், எஞ்சினை நிற்பாட்டிவிடும். நீ ஹீற்றரை முழுதாகத் திருப்பி வைத்திருப்பாய். அது அந்தத் தண்ணீரின் சூட்டைத்தான் உறிஞ்சி உன் காலுக்கு ஊதுகிறது. தண்ணீர் ஆறும், எஞ்சின் திரும்ப எழும்பும். குசினியில் அம்மாவின் கேத்தல் 'டிக்' என்று நிற்க, நாங்கள் கதைத்துக்கொண்டிருந்து ஆறவிட்டு, திரும்பவும் போடுவோமே, அதே கதைதான். இருபது நிமிடம் இருந்தாலும் ஒரு மணித்தியாலம் இருந்தாலும் அது இப்படித்தான் எழும்பி எழும்பிப் படுக்கும். வேலை இல்லாத எஞ்சினுக்குச் சூடு மெதுவாகத்தான் ஏறும். அதை விட, நின்ற இடத்தில் எஞ்சின் மட்டும்தான் சூடாகிறது. சில்லும் பிறேக்கும் ரயரும் அப்படியே விறைத்துக் கிடக்கும். இரவு முழுக்க நின்ற ரயரின் அடி தட்டையாகி, முதல் இரண்டு சந்திவரை 'தொம் தொம்' என்று குதிக்கும், கவனித்திருப்பாய். அது ஓடினால்தான் போகும்.

ஆகவே, கண்ணாடி முழுவதையும் கையால் சுரண்டு, பெல்ற்றைப் போடு, ஒரு நிமிடம் பொறு, மெதுவாக வெளிக்கிடு. முதல் ஐந்து, பத்து நிமிடம் பெருந்தெருவுக்கு ஏறாமல் உள்வீதியால் போ. அந்த ஓட்டம்தான் சூடாக்கல். ரொறன்ரோவில் ஒரு மணித்தியாலத்துக்குள் 1 நிமிடத்துக்கு மேல் நின்ற இடத்தில் எஞ்சினை ஓடவிடக் கூடாது என்று மாநகரச் சட்டமே இருக்கிறது. ரக்சி ஓடிய காலத்தில் நாங்கள் அதைத் திட்டாத நாளில்லை. இந்தக் காரைப் பொறுத்தவரை அந்த ஒரு நிமிடம் போதும் என்று விளங்க எனக்கு இரண்டு குளிர்காலம் எடுத்தது.

ஏன் இரண்டு குளிர்காலம் என்று கேட்பாய். உன் அப்பா எஞ்சினைச் சூடாக்கப் பழகிய இடம் வேறு. 1990இல் திரும்பச் சண்டை தொடங்கிய பிறகு யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வரவில்லை. வந்த கொஞ்சமும் போத்தல் கணக்கில், தொட முடியாத விலைக்கு. சித்தப்பாவிடம் ஒரு ஒஸ்ரின் ஏ40 வாடகைக் கார் இருந்தது. அதை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் பற்றாது. எயர் கிளீனரைக் கழற்றி, காபரேற்றர் வாய்க்குள் ஒரு மூடி பெற்றோலை விட்டு அடிக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றிய சேலைன் போத்தலில் பெற்றோல் நிரப்பி, அதன் மெல்லிய குழாயையே காபரேற்றருக்குக் கொடுத்திருந்தார். எஞ்சின் பெற்றோலில் ஓடிச் சூடேறியதும் குழாயை நெரித்து, மண்ணெண்ணெய்ப் பக்கம் திருப்ப வேண்டும். கொஞ்சம் முந்தினால் இருமி நின்றுவிடும், வெள்ளைப் புகை வீதியை மூடும். கொஞ்சம் பிந்தினால் பெற்றோல் வீண், சித்தப்பாவின் குட்டு என் தலையில். பொனற்றில் கையை வைத்து, "இப்ப சரி" என்று சொல்வது என் வேலை. எனக்கு அப்போது இருபது வயது. அந்தக் கை இன்னும் அப்படியே இருக்கிறது, மகள். கனடாவுக்கு வந்தும் கனகாலம் காரைச் சூடாக்காமல் எடுப்பதை ஒரு பாவம் போலத்தான் நினைத்தேன்.

பிரியஸ் என்ற ஹைபிரிட் ரக்சிக்கு மாறிய முதல் குளிர்காலத்தில் நானும் உன்னைப்போல விடியக் காலையில் வாசலில் இருந்தேன். எஞ்சின் நின்றது. பழுது என்று நினைத்து அணைத்துப் போட்டேன், திரும்ப அணைத்துப் போட்டேன். கடைசியில் ஒரு மெக்கானிக் தம்பி, "அண்ணை, இது உங்கடை கையைக் கேட்காது, தன்ரை தேர்மோமீற்றரைத்தான் கேட்கும்" என்றான். கோபம்தான் வந்தது. ஆனால் உண்மை. காபரேற்றரும் இல்லை, சோக்கும் இல்லை. எவ்வளவு பெற்றோல், எப்போது பொறி, எல்லாம் கணினி பார்த்துக்கொள்கிறது. ஸ்ராட்டர் மோட்டர்கூட வேறாக இல்லை, உள்ளே இருக்கும் மின்மோட்டரே எஞ்சினைச் சுழற்றி எழுப்புகிறது. எண்ணெயும் 0டபிள்யூ-20, குளிரிலும் இளகி ஓடும் சாமான். எண்ணெய் மாற்றும்போது அதைத்தான் போடுகிறார்களா என்று கேட்டுப் பார்.

ஆனால் வினிபெக் ஸ்காபரோ இல்லை. இங்கே -15 என்றால் நாங்கள் போர்வைக்குள். அங்கே -15 வந்தால் ஜக்கெற்றைத் திறந்துவிட்டுத் திரிவார்கள் என்று நீயே சொன்னாய். அதனால் காரைச் சூடாக்கும் வேலையை மின்சாரத்திடம் கொடு. உன் கார் முன்பக்கக் கிறில்லுக்குள் ஒரு பிளக் செருகி வைத்திருக்கிறேன் அல்லவா, அது புளொக் ஹீற்றருடையது, எஞ்சினை மின்சாரத்தில் சூடாக்கும் சாமான். சுமார் 400 வாட். வெளிக்கிட இரண்டு மணித்தியாலம் முதல் போட்டால் போதும். ஒரு யூனிற் மின்சாரம்கூட ஆகாது. ரைமர் வாங்கி வை. உன் கட்டடத்துக் கார்த் தரிப்பிடத்தில் ஒவ்வொரு காருக்கும் ஒரு தூண் இருப்பது இதற்குத்தான். நீ அதைச் சைக்கிள் கட்டும் தூண் என்று நினைத்திருந்ததை அம்மாவுக்கு நான் சொல்லவில்லை. பல இடங்களில் அந்தத் தூணில் மின்சாரம் விட்டுவிட்டுத்தான் வரும், குளிருக்கு ஏற்றபடி தானாகக் கூட்டிக் குறைக்கும். பழுது என்று கட்டடப் பொறுப்பாளரை எழுப்பாதே. வயர் மட்டும் வெளியில் போடக்கூடிய தடித்த வயராக இருக்க வேண்டும்; வீட்டுக்குள் லாம்புக்குப் போடும் வயர் கூடாது.

பெற்றோல் கூடப் போகிறது என்றும் சொன்னாய். போகும். கோடையில் 100 கிலோமீற்றருக்கு 5 லீற்றர் குடிக்கும் அதே கார் தை மாதத்தில் எனக்கு 7 குடித்தது. அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கில், 25 பாகையிலிருந்து -7க்கு இறங்கினால் நகர ஓட்டத்தில் சாதாரணப் பெற்றோல் கார் 15 வீத அளவு சிக்கனத்தை இழக்கும், ஹைபிரிட் 30 முதல் 34 வீதம் வரை இழக்கும். ஹைபிரிட்டின் லாபமே எஞ்சினை நிற்பாட்டி வைப்பதில்தான் இருக்கிறது. குளிரில் ஹீற்றருக்காக அது ஓடிக்கொண்டே இருந்தால் லாபம் எங்கே? ஆகவே ஹீற்றரை 19, 20இல் விட்டு, சீற்றின் சூட்டைப் போடு. சீற்றுக்குப் போவது கொஞ்ச மின்சாரம். முதுகு சூடானால் மனிதருக்குப் பாதிக் குளிர் போய்விடும். கண்ணாடி மங்கினால் மட்டும் யோசிக்காதே, முழுக் காற்றையும் கண்ணாடிக்கு விடு. பெற்றோலைச் சேமிக்கப் போய் முன்னால் நிற்பவனில் மோதாதே.

கொதிதண்ணீர் ஊற்றி ஐஸை உருக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. அம்மா ஒருக்கா ஊற்றினா. நீ அப்போது பாலர் வகுப்பு. தேத்தண்ணிக்கு வைத்த தண்ணீர் மிச்சம் இருக்கிறது என்று கொண்டுவந்து கண்ணாடியில் ஊற்ற, 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். மேல் மூலையிலிருந்து ஒரு கோடு மெல்ல மெல்ல நடந்து கீழே வந்தது. நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றோம்.

இப்போது நான் உண்மையில் பயப்படுகிற விசயங்களுக்கு வருகிறேன். இந்தக் காரைப் படுக்கவைப்பது பெரிய பற்றறி இல்லை, பின் டிக்கிக்குள் வலது பக்கம் ஒளிந்திருக்கும் சின்ன 12 வோல்ற் பற்றறி. கணினிகளை எழுப்புவது அதுதான். அது செத்தால் பெரிய பற்றறி நிறைய இருந்தாலும் 'றெடி' வராது. 'றெடி' இல்லாமல் ரேடியோவை மட்டும் போட்டுக்கொண்டு கார்த் தரிப்பிடத்தில் இருந்து போன் கதைக்கிற பழக்கம் உனக்கு இருக்கிறது, அது இந்தக் குளிரில் வேண்டாம். பூஸ்ட், அதாவது வேறொரு காரின் பற்றறியிலிருந்து வயர் கொடுத்து எழுப்புவது, வேண்டி வந்தால் பின்னுக்குப் போகாதே. முன் பொனற்றைத் திறந்து, கறுப்புப் பியூஸ் பெட்டியின் மூடியைக் கழற்றினால் உள்ளே சிவப்பு மூடியோடு ஒரு முனை இருக்கிறது. சிவப்பு வயர் அதில், கறுப்பு வயர் பூச்சில்லாத இரும்பில். மாறிக் கொடுத்தால் செலவு ஆயிரக்கணக்கில் போகும், தெரியாவிட்டால் தெரிந்தவரைக் கூப்பிடு. வேறொருவர் பூஸ்ட் கேட்டால், நான் என்றால் கொடுக்க மாட்டேன். உனக்கு இரக்க மனம், அதனால் சொல்லி வைக்கிறேன்.

பின் சீற்றுக்குப் பக்கத்தில், வலது பக்கம், சல்லடை போல ஒன்று இருக்கிறது. பெரிய பற்றறி மூச்சு எடுப்பது அதால்தான். குளிரில் அதற்கும் கொஞ்சம் சோம்பல், நீ சூடாக்கும் அதே காற்றில்தான் அதுவும் சூடேறும். உன் ஜக்கெற், பை, போர்வை எதையும் அதன் மேல் போடாதே.

அடுத்தது புகை, உள்ளே அடைபட்டால் ஆளைக் கொல்லும். ஸ்னோ கொட்டிய காலையில் முதலில் பின்னால் போய்ப் புகைக்குழாயின் வாயைக் காலால் தட்டித் துப்புரவாக்கு, பிறகு ஏறு. மூடிய கராஜுக்குள் இந்தக் காரை ஒருபோதும் 'றெடி'யில் விடாதே. சத்தம் இல்லாததால் அணைத்துவிட்டோம் என்று நினைப்போம். நான் நினைத்திருக்கிறேன். ஒரு இரவு ரக்சியைக் கராஜுக்குள் விட்டு, களைப்பில் அப்படியே உள்ளே வந்து சாப்பிட இருந்தேன். அரை மணித்தியாலம் கழிய அம்மா கையை உயர்த்தி, "பொறுங்கோ, ஏதோ ஓடுது" என்றா. நான் பிறிட்ஜ் என்றேன். அவ எழும்பிப் போய்க் கராஜ் கதவைத் திறந்தா. பற்றறி இறங்க, எஞ்சின் தானாக எழும்பி, இருட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. மேலே நீ நித்திரை. இதை உனக்கு இன்றைக்குத்தான் சொல்கிறேன்.

ஒரு பார்சல் அனுப்புகிறேன். அதில் கறுப்பு நுரைக்குழாய் நான்கு துண்டு இருக்கும், தண்ணீர்ப் பைப்புக்குச் சுற்றுகிறதுதான். அளவாக வெட்டி 1, 2, 3, 4 என்று எழுதியிருக்கிறேன். முன் கிறில்லின் கீழ் இடைவெளிகளில் இடமிருந்து வலமாக அமத்திவிடு. குளிர்காற்று எஞ்சினுக்குள் நேரே அடிக்காது, சூடு நிற்கும். வெளியே 10 பாகை தாண்டினால் நான்கையும் கழற்ற வேண்டும், மறக்காதே.

அம்மா இதே பெட்டியில் மிளகாய்த்தூளும் பருத்தித்துறை வடையும் வைத்திருக்கிறா. நுரைக்குழாய் மணந்தால் என்னைக் கேட்காதே.

அன்புடன்,
அப்பா

பி.கு.: காலையில் வெளிக்கிட முதல் தூணிலிருந்து வயரைக் கழற்று. ரக்சிக் காலத்தில் நான் ஒரு மைல் தூரம் வயரை இழுத்துக்கொண்டு போயிருக்கிறேன். பின்னால் வந்தவன் ஹோன் அடிக்க அடிக்க, வாழ்த்துச் சொல்கிறான் என்று நினைத்துக் கை காட்டினேன்.