குளியலறைத் தரைக்குக் கீழே

செங்கோட்டை,
ஆனி 18.

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் சென்ற வெள்ளிக்கிழமை கிடைத்தது. மதினிக்கு முழங்கால் வலி குறைந்து, யார் துணையும் இல்லாமல் மாடிப்படி ஏறி இறங்குகிறார்கள் என்று நீ எழுதியிருந்ததைப் படித்து இங்கே எல்லோருக்கும் மகிழ்ச்சி. கொழிஞ்சாம்பாறை வீட்டின் மாடியைச் சீர்செய்து வாடகைக்கு விடப்போவதாகவும், வேலை முழுவதையும் ஒரே ஆளிடம் மொத்தமாகப் பேசிக் கொடுத்துவிட எண்ணியிருப்பதாகவும் எழுதியிருந்தாய். இந்த ஒன்றரை ஆண்டாக என் ஃப்ளாட்டில் நடந்ததை உன்னிடம் தொலைபேசியில் துண்டுதுண்டாகத்தான் சொல்லியிருக்கிறேன். நீ கையெழுத்துப் போடுவதற்கு முன் அதை முழுவதுமாக எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

சென்ற ஆண்டு மாசியில் பழைய குடித்தனக்காரர் காலி செய்ததும், அந்த இரண்டாம் மாடி ஃப்ளாட்டைப் புதுப்பிக்க ஒரு காண்ட்ராக்டரிடம் 2,80,000 ரூபாய்க்குப் பேசினேன். குளியலறைக்குப் புது டைல்ஸ், மேற்குச் சுவருக்கு மறுபூச்சு, குழாய், வயரிங், பெயிண்ட் எல்லாம் அதில் அடக்கம். இருபத்தைந்தே நாளில் முடித்துச் சாவியைக் கையில் கொடுத்தார். வெள்ளை வெளேரென்று இருந்த சுவர்களைப் பார்த்து நானும் மனம் நிறைந்து மீதிப் பணத்தை எண்ணிக் கொடுத்தேன். சித்திரையில் ஒரு செவிலியரும் அவர் கணவரும் மூன்று வயதுக் குழந்தையும் குடிவந்தார்கள்.

இந்த ஊரின் மழையை நீ அறிவாய். தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியாக நுழைந்து, நேராக விழாமல் சாய்ந்து, நாள்கணக்கில் சுவரில் சாரலாக அறைந்துகொண்டே இருக்கும். ஆனி பிறந்து பத்து நாள்கூட ஆகவில்லை, படுக்கையறையின் மேற்குச் சுவரில் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, அதன் அடியில் உப்புப் பூத்தது. பீரோவை நகர்த்திப் பார்த்தால் பின்னால் ஆளுயரத்துக்குக் கரும்பூஞ்சை. கீழ்வீட்டில் தனியாக இருக்கும் ஆச்சியின் குளியலறைக் கூரையில் தண்ணீர் சொட்டத் தொடங்கியது. ஒரு நாள் காலை வெந்நீர்க் குழாயைத் தொட்ட அந்தச் செவிலியருக்குக் கையில் சுரீரென்று மின்சாரம் ஏறியது. எல்லாவற்றுக்கும் மேலாக, குழந்தைக்கு இரவில் இழுப்பு வந்தது. ஓதம் பிடித்த அறையும் பூஞ்சையும் மூச்சிழுப்பை வளர்க்கும் என்பதை அந்தச் செவிலியரே பதமாக எடுத்துச் சொல்லி, ஆவணியில் வேறு வீடு பார்த்துக்கொண்டு போனார்கள். முன்பணத்தை முழுவதும் திருப்பிக் கொடுத்தேன். ஆனால் போகும்போது, ஆண்டு முடியும் முன் காலி செய்வதற்காக அவர்கள் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்கள். கேட்க வேண்டியவன் நான். அது இன்னும் நெஞ்சை விட்டு இறங்கவில்லை.

காண்ட்ராக்டரை வரவழைத்துக் காட்டினேன். பூஞ்சையின் மேல் ஒரு கோட் பெயிண்ட் அடித்துத் தருவதாகச் சொன்னவர், நான் குரலை உயர்த்தியதும், "வாடகைக்கு விடுற வீடுதானே சார், இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார். அந்தச் சொல் என்னை இரவெல்லாம் தூங்கவிடவில்லை, ஏனென்றால் அது அவர் வாயில் பிறந்த சொல் அன்று. மாசியில் மூன்று பேரிடம் மதிப்பீடு வாங்கிக் குறைந்த தொகையைத் தேர்ந்தபோது என் மனத்தில் ஓடியதும் அதுவேதான். நான் குடியிருக்கும் வீடாக இருந்திருந்தால், சுவரைத் தட்டாமல், வேலை நடக்கும்போது நாளுக்கொரு முறை போய் நிற்காமல், பணத்தைக் கொடுத்திருப்பேனா? நான் நினைத்ததை அவர் செய்துகாட்டினார் என்று புரிந்த அன்றே, இனி இந்த வீட்டில் நானும் என் மனைவியும் குடியேறப்போவதாக எண்ணித்தான் ஒவ்வொரு செங்கல்லையும் தொடுவது என்று முடிவு செய்தேன்.

தையில் புளியரையிலிருந்து ஒரு மூத்த கொத்தனாரை அழைத்துவந்தேன். அவர் விலை பேசவே இல்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து, குளியலறை டைல்ஸ் ஒவ்வொன்றையும் தட்டிக் காதால் கேட்டார். அடியில் கலவை முழுவதும் பரவியிருந்தால் கெட்டியான ஓசை வரும். இங்கே பாதிக்கு மேல் பானையைத் தட்டியதுபோல் ஒலித்தது. நாலு மூலையிலும் நாலு உருண்டைக் கலவையை வைத்து ஒட்டியிருக்கிறார்கள். அதிலும் இது கண்ணாடிபோல் இறுகச் சுட்ட விட்ரிஃபைடு டைல்ஸ், தன் எடையில் நூற்றுக்கு அரைப் பங்குத் தண்ணீரைக்கூட உறிஞ்சாது. சாதாரண சிமென்ட் கலவை அதைச் சரியாகப் பிடிக்காது, அதற்கென்று உள்ள பசைக்கலவை வேண்டும். இதற்குப் பிறகு சுவரை ஓர் ஆணியால் கீறினார். பூச்சு மாவாக உதிர்ந்தது. மணலுக்குப் பதில் கல்லுடைக்கும் கிரஷர் ஆலையின் தூசி, அதற்கும் பங்குனி வெயிலில் இரண்டு நாளோடு தண்ணீர் விடுவதை நிறுத்திவிட்டார்கள். சாதாரண சிமென்ட் என்றால் ஏழு நாளாவது, சாம்பல் கலந்த சிமென்ட் என்றால் பத்து நாளாவது ஈரம் காயாமல் நீராற்ற வேண்டும் என்பது கொத்து வேலையின் பாலபாடம்.

குளியலறைத் தரையைப் பெயர்த்த நாளை நான் மறக்கமாட்டேன். கழிவுக்குழாய்கள் ஓடுவதற்காகக் கீழ்வீட்டின் கூரையான கான்கிரீட் தளத்தையே ஓரடி பள்ளமாக வார்த்திருப்பார்களே, அந்தப் பள்ளத்தில் நீர்க்காப்புப் பூச்சு ஒரு துளி இல்லை. பழைய டைல்ஸ் துண்டுகளும் சிமென்ட் சாக்கும் பிளாஸ்டிக் பாட்டில்களும் கொட்டி நிரப்பி, மேலே இரண்டு அங்குலக் கலவை போட்டு மூடியிருந்தார்கள். அந்தக் குப்பைக்குள் மூன்று அங்குல உயரத்துக்குத் தண்ணீர் தேங்கி நாறிக்கொண்டிருந்தது. ஆச்சியின் தலையில் சொட்டியது அதுதான். தரைச் சரிவு வாசல் பக்கமாக இருந்தது. தண்ணீர் இறங்கிப் போக வேண்டிய வடிகால் வாயான தரைப் பொறியோ (ஃப்ளோர் ட்ராப்) உயர்ந்த மூலையில் இருந்தது. நாற்றத்தைத் தடுக்க அந்தப் பொறிக்குள் எப்போதும் 50 மில்லிமீட்டர் நீர் நிற்க வேண்டும், தண்ணீரே போய்ச் சேராத பொறியில் அது எப்படி நிற்கும்?

சித்தாள் இருவர் இரண்டு நாள் சுமந்து அந்தக் குப்பையைக் காலி செய்தார்கள். தளத்தை நன்றாகக் கழுவிக் காயவிட்டு, மூலைகளை வளைவாகப் பூசி, நீர்க்காப்புப் பூச்சை இரண்டு கோட் அடித்து, சுவரிலும் ஓரடிக்கு மேல் ஏற்றினார் கொத்தனார். பிறகு தண்ணீரைக் கட்டி நிறுத்தி, நீர்மட்டத்தில் சாக்பீஸால் கோடு போட்டார். மூன்று நாள், எழுபத்திரண்டு மணி நேரம். காலையும் மாலையும் கீழ்வீட்டு ஆச்சிதான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தம் கூரையைப் பார்த்து, "காஞ்சுதான் கெடக்கு" என்று படியில் நின்று குரல் கொடுப்பார்கள். மூன்றாம் நாளும் அந்தக் குரல் வந்த பிறகே மேல்வேலை தொடங்கியது. இம்முறை ஐந்தடிக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில், ரசமட்டத்தை விட்டு எடுக்காமல், பொறியை நோக்கிச் சரிவு கொடுத்தார்.

குழாய் வேலைக்கு ஆரியங்காவிலிருந்து ஒருவர் தினமும் காலையில் வந்தார். பாதி மலையாளமும் பாதித் தமிழுமாகப் பேசுவார். "சாரே, இடவப்பாதிக்கு முன்னே தீர்க்கணும்" என்பதே அவருடைய காலை வணக்கம். இடவப்பாதி என்றால் அவர்கள் பேச்சில் தென்மேற்குப் பருவமழை. சுடுநீருக்கும் குளிர்நீருக்கும் சேர்த்துச் சாதாரண பி.வி.சி. குழாயையே போட்டிருந்ததைச் சுவரை வெட்டிக் காட்டினார். சூட்டில் அது இளகும். கெய்சர் தண்ணீருக்குச் சூடு தாங்கும் சி.பி.வி.சி. குழாய்தான் சரி. சுவரை மூடுவதற்கு முன் குழாய்களில் தண்ணீரை அழுத்தத்தோடு ஏற்றி ஓரிரவு விட்டுப் பார்த்தார்.

வயரிங்கை நினைத்தால் இன்னமும் உடம்பு நடுங்குகிறது. 2,000 வாட் கெய்சர் ஒன்பது ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். அதை விளக்குக்குப் போடும் மெல்லிய கம்பியில், ஆறு ஆம்பியர் பிளக்கில் மாட்டியிருந்தார்கள். எர்த் கம்பி பிளக்பாக்ஸ் வரை பச்சையாக வந்து, உள்ளே எதோடும் சேராமல் மடித்துவிடப்பட்டிருந்தது. அந்தக் குழந்தை அந்தக் குழாயைத் தொட்டிருந்தால் என்ற எண்ணத்தை நான் தொடர விரும்பவில்லை. இப்போது கெய்சருக்கு 4 சதுர மில்லிமீட்டர் கம்பி, 16 ஆம்பியர் பிளக், வீடு முழுவதற்கும் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஆகியவை இருக்கின்றன. நீ வேறு எதில் செலவைக் குறைத்தாலும் இதில் குறைக்காதே.

மேற்குச் சுவர்தான் அதிக நாள் வாங்கியது. பூச்சை உள்ளும் புறமும் செங்கல் தெரிய உரித்து, உப்பைக் கம்பித் தூரிகையால் தேய்த்துக் கழுவி, மாசி வெயிலில் மூன்று வாரம் சும்மா காயவிட்டோம். அப்போது தாத்தா வீட்டை அடிக்கடி நினைத்துக்கொண்டேன். செங்கோட்டை திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில், 1956 நவம்பர் 1க்கு முன், கட்டிய வீடு அது. மங்களூர் ஓட்டுக் கூரை சுவரைத் தாண்டி மூன்றடி நீண்டு தாழ்ந்திருக்கும், எத்தனை சாரல் அடித்தாலும் சுவரில் பாதிக்கு மேல் ஈரம் படாது, பட்ட ஈரமும் சுண்ணாம்புப் பூச்சு வழியாகத் தானே ஆவியாகிவிடும். இன்று பெட்டிபோல் கான்கிரீட் எழுப்பி, சன்ஷேடையும் இடம் கருதி ஒன்றரை அடியாக நறுக்கி, ஈரச் சுவரின் மேல் பிளாஸ்டிக் போன்ற பெயிண்டைப் பூசி அடைத்துவிட்டு, சுவர் ஏன் வியர்க்கிறது என்று கேட்கிறோம். கட்டடத்து மற்ற வீட்டுக்காரர்களிடம் ஒப்புதல் வாங்கி, மேற்குச் சன்னல்களுக்கு மேல் இரண்டரை அடிக்குத் தகரச் சாய்ப்பு இறக்கினேன். வெளிப்பூச்சைச் சிமென்ட் ஒன்றுக்கு மணல் நாலு என்ற கலவையில் இரண்டு அடுக்காகவும், உள்பூச்சை ஒன்றுக்கு ஆறாகவும் பூசி, பத்து நாள் நீராற்றி, ஒரு மாதம் கழித்தே பெயிண்டைப் பற்றிப் பேசினோம். அதற்கும் முன்பு ஒரு சோதனை: இரண்டடிச் சதுர பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, மறுநாள் பிரித்துப் பார்க்க வேண்டும். தாளின் உட்புறம் நீர்த்துளி கோத்திருந்தால் சுவர் இன்னும் காயவில்லை. முதல் முறை துளி இருந்தது. மேலும் பன்னிரண்டு நாள் பொறுத்தோம்.

மொத்தச் செலவு 2,15,000 ரூபாய். வழக்கறிஞர் மூலம் அறிவிப்பு அனுப்பிய பிறகு பழைய காண்ட்ராக்டர் 40,000 திருப்பித் தந்தார். வீடு கட்டும் வேலையும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சேவையாகவே அடங்கும், இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். மேற்கொண்டு வழக்காடும் தெம்பு எனக்கில்லை. இங்கே 2017ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், குழாய்களை மாற்றுவதும் வயரிங்கைப் பேணுவதும் வீட்டுக்காரன் பொறுப்பு என்று வரிசையாகச் சொல்கிறது. உங்கள் பக்கம் 1965ஆம் ஆண்டுக் கேரளச் சட்டம், அது வேறு.

வைகாசிக் கடைசியில் சாரல் தொடங்கியதும், பாய் தலையணையோடு நானும் அவளும் அந்த ஃப்ளாட்டில் நான்கு இரவு படுத்தோம். மேற்குச் சுவரோரம் தலைவைத்துப் படுத்து, விடியும்போதெல்லாம் சுவரைத் தடவிப் பார்த்தேன். குளிர்ச்சி இருந்தது, ஈரம் இல்லை. அவள் அந்தக் குளியலறையிலேயே வெந்நீரில் குளித்தாள், துணி துவைத்தாள். நான்காம் நாள் காலை ஆச்சி மேலே வந்து தோசை கொடுத்துவிட்டுப் போனார்கள். முதலில் அந்தச் செவிலியர் வீட்டுக்குத்தான் போய்ச் சொன்னேன். அவர்கள் இருக்கும் வீட்டுக்கு ஓராண்டு ஒப்பந்தம் முடியவில்லை. குழந்தைக்கு இப்போது இழுப்பு இல்லை. தம்மோடு வேலை பார்க்கும் ஒருவரை அனுப்பினார். அவர் வந்து பார்த்தபோது, சென்ற ஆண்டு நடந்ததை மறைக்காமல் சொல்லி, பீரோவைச் சுவரிலிருந்து அரையடி தள்ளிப் போடச் சொன்னேன். இந்த மாதம் 12ஆம் தேதி பால் காய்ச்சினார்கள்.

உங்கள் கொழிஞ்சாம்பாறை பாலக்காட்டுக்குக் கிழக்கே மழை குறைந்த பகுதி. சுவர் ஓதம் உனக்குப் பெரிய தொல்லையாக இராது. ஆனால் குளியலறைத் தளமும் வயரிங்கும் எந்த ஊரிலும் ஒன்றுதான், அதோடு உன் ஆழ்துளைக் கிணற்று உப்புத்தண்ணீர் குழாய்களையும் கெய்சரையும் சீக்கிரம் அடைக்கும். மொத்தமாகப் பேசினாலும் பணத்தை மொத்தமாகக் கொடுக்காதே. தண்ணீர் கட்டி நிறுத்தும் மூன்று நாள் முடிந்து கீழே கூரை காய்ந்திருப்பதை நீயே பார்க்கும்வரை ஒரு பங்கு உன் கையில் இருக்கட்டும். தரையை மூடுவதற்கு முன்பும் சுவரை மூடுவதற்கு முன்பும் அங்கே போய் நில். குழாய் ஓடும் இடங்களைப் படம் எடுத்து வைத்துக்கொள்.

மதிப்பீட்டுத் தாளின் நகலை எனக்கு உடனே அனுப்பு. புளியரைக் கொத்தனார் ஞாயிற்றுக்கிழமை இங்கே வருவார், அவரிடம் வரிவரியாகப் படித்துக் காட்டி அவர் சொல்வதை எழுதுகிறேன். ஆடியில் மதினியோடு நீ வந்தால் அருவியில் தண்ணீர் நன்றாக இருக்கும். கொத்தனாரையும் நேரில் பார்த்துப் பேசலாம்.

அன்புடன்,
உன் செங்கோட்டை நண்பன்